தொண்ணூற்று மூன்றரை

இரண்டாம் தவணையிலிருந்து விஞ்ஞானத்துக்கு ஆளில்லை.
நேரசூசியில் அந்தப் பாடத்துக்கு நேரே
அழிறப்பர் தேய்த்துத் தேய்த்து
காகிதமே ஓட்டையாகிவிட்டது.
மாற்றலாகிப் போன மிஸ்
அலுமாரிச் சாவியை வகுப்புத் தலைவியிடம் விட்டுப்போனார்.
வகுப்புத் தலைவி நான்.

விளிம்பு உடைந்த முகவை இரண்டு.
ஒரு காந்தம், அதை விடாத குண்டூசிகள் பதினேழு.
போத்தலுக்குள் வெளுத்துப்போன பல்லி.
பஞ்சில் பொத்திவைத்த ஒரே ஒரு வெப்பமானி.

"நீரின் கொதிநிலையைக் காணல்" என்றிருந்தது புத்தகத்தில்.
விதுர்ஷிகா பீலியில் தண்ணீர் பிடித்து வந்தாள்.
மதுசார விளக்கில் மதுசாரம் இல்லை.
கிருபாகரன் போய் கன்டீன் மண்ணெண்ணெய் அடுப்பைத்
தூக்கிக்கொண்டு வந்தான்,
கேட்டானா என்று நாங்கள் கேட்கவில்லை.

முப்பது.
ஐம்பத்தெட்டு.
ஜன்னலால் மூடுபனி உள்ளே வந்து
முன் வாங்கில் உட்கார்ந்துகொண்டது.
எண்பது. தொண்ணூறு.
தொண்ணூற்று மூன்று.
மூன்றரை.

அவ்வளவுதான்.
இடைவேளை மணி கேட்ட தரம் இரண்டு போல
தண்ணீர் துள்ளுகிறது, சிந்துகிறது,
இரசம் மட்டும் அசையவில்லை.
திரியைக் கூட்டினோம்.
ஆவி கூடியது.
புத்தகம் தடித்த எழுத்தில் நூறு என்றது.

"வெப்பமானி பழுது" என்றான் கிருபாகரன்.
"தண்ணி பழுது, மேல தோட்டத்துல மருந்தடிக்கிறாங்க" என்றாள் விதுர்ஷிகா.
"நாமதான் பழுது" என்றது கடைசி வாங்கு.
அதற்கு மட்டும் எல்லோரும் சிரித்தோம்.
அடுப்பைத் தேடி வந்த கன்டீன் அக்கா
ஏசுவதற்கு முன் எட்டிப் பார்த்து,
"அதான் கொதிச்சிருச்சே, இன்னும் எதுக்கு எண்ணெயை எரிக்கிறீங்க?" என்றார்.

மறுநாள் வியாழன்.
நீர்கொழும்பிலிருந்து மீன் லொறி
கந்தப்பளைக்கு வரும் நாள்.
பெட்டிக்கு அடியில் மிஞ்சிய பனிக்கட்டியை
ஒரு பொலித்தீன் நிறையக் கேட்டு வாங்கி
மூன்று முறை கழுவினோம். சூரை மணம் போகவில்லை.
உருகும் கட்டிக்குள் வெப்பமானியை நிறுத்தினோம்.
பூச்சியம்.
ஒரு மயிரிழை மேலுமில்லை, கீழுமில்லை.

பொய் சொல்லவில்லை அது.

அறுபது பக்கம் தள்ளி, அமுக்கம் என்ற பாடத்தில்,
அட்டவணையின் காலடியில், எறும்பளவு எழுத்தில்
கிடைத்தது விடுபட்ட சொல்:
கடல் மட்டத்தில்.

வகுப்பில் முப்பத்தொரு பேர்.
கடலைக் கண்டவர்கள் நாலு பேர்.

கொழும்பில் நிற்பவன் தலையில்
எங்கள் மலையின் உயரத்துக்குக் காற்று
கூடுதலாக ஏறி நிற்கிறதாம்.
எங்களைவிட இன்னொருவர் அதிகம் சுமப்பதை
அன்றுதான் முதன்முதலாக
ஒரு கணக்கில் பார்த்தேன்.

வெள்ளவத்தைப் புடவைக்கடையிலிருந்து
அக்கா போனில் சொல்வாள்,
"இங்க பருப்பு சட்டுனு வெந்துருதும்மா."
அம்மா அதைக் கேட்டு
பழைய பருப்பை விற்றதாகக் கடைக்காரரோடு
இரண்டு மாதம் பேசாமல் இருந்தார்.
ஆறரைப் பாகை குறைவு என்று விளக்கினேன்.
அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.
"அப்ப நான் போட்ட சண்டை?"
அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

ஆண்டிறுதித் தாளில் ஏழாம் கேள்வி.
தூய நீர் கொதிக்கும் வெப்பநிலை:
தொண்ணூறு, தொண்ணூற்று நான்கு, நூறு, நூற்றிப் பத்து.
நூறின் கீழ்க் கோடு போட்டேன்.
புள்ளி வேண்டும்.
கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது,
திருத்துகிறவருக்கு அது தெரியாது.

செய்முறைக் கொப்பியில் வேறு எழுதியிருக்கிறேன்.
இடம்: கந்தப்பளை. வானிலை: மூடுபனி.
பெறுபேறு: 93.5.
வழு: அடுப்பு திருப்பிக் கொடுக்கத் தாமதம்.
ஆசிரியர் கையொப்பம் என்ற புள்ளிக்கோட்டின் மேல்
விதுர்ஷிகாவின் ஈரக் கை பட்ட இடம்
காய்ந்து, சுருங்கி,
இன்னும் லேசாக மீன் மணக்கிறது.